சாவியில் இருந்து கையை எடுத்தால் வண்டி அணைகிறது, நாளை காதுகுத்து, உடனே சொல்லுங்கள்

வண்டியூர்க்காரன் (இரவு 8.50)
மாமனார் வண்டி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது, கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. பத்துத் தடவை பார்த்தாச்சு. பேட்டரி புதுசு. காலை ஆறு மணிக்குப் பாண்டி கோவிலில் பையனுக்குக் காதுகுத்து. பாத்திரம், அரிசி எல்லாம் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. அவசரம்.

ஆனைமலை அடிவாரம்
எந்த வண்டி அண்ணே?

செல்லூர் ஸ்பேனர்
பெட்ரோலா டீசலா? எந்த வருஷ மாடல்? கையை எடுத்ததும் அணைகிறதா, நாலு செகண்ட் ஓடி அணைகிறதா?

மேலூர் ரோடு
பேட்டரி டெர்மினலைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பத்தில் ஒன்பது வண்டிக்கு அதுதான். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒயரிங் வாத்தியார்
வண்டி பெயரைச் சொல்லாமல் உதவி கேட்பது, டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்குது" என்று மட்டும் சொல்வது மாதிரி. இதே கேள்விக்கு இங்கே குறைந்தது நாலு முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை.

வண்டியூர்க்காரன் (9.15)
மன்னிக்கவும். மாருதி 800, பெட்ரோல், 97. கையை எடுத்த உடனே அணைகிறது.

சொக்கிகுளம் கார்ப்
97 என்றால் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பாகம்) வண்டி. பெட்ரோலை நிறுத்துகிற சோலனாய்டு, அதாவது கரண்டில் வேலை செய்கிற வால்வு ஒன்று அதில் உண்டு. சாவியை ஆனில் வைக்கும்போது பானட்டுக்குள் "டக்" என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் அதுதான் போயிருக்கிறது.

செல்லூர் ஸ்பேனர்
அது போயிருந்தால் கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்சம் ஓடித் திணறித்தான் அணையும். அவர் உடனே என்கிறார். மேலூர் அண்ணே, எஞ்சினைச் சுழற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதையே கொடுக்கிற டெர்மினல், பிளக்குக்குப் பொறி தருகிற காயிலுக்கு வேண்டிய நாலு ஆம்பியரைக் கொடுக்காதா?

மேலூர் ரோடு
தேய்ப்பதில் என்ன நஷ்டம்?

ஒயரிங் வாத்தியார்
விஷயத்துக்கு வருவோம். சாவி திருப்புகிற சுவிட்சுக்குள் ஆனுக்கு ஒரு காண்டாக்ட் (கரண்ட் சேர்கிற முனை), ஸ்டார்ட்டுக்கு ஒரு காண்டாக்ட். ஸ்டார்ட் நிலையில் செல்ஃபுக்கும் காயிலுக்கும் சேர்ந்தே கரண்ட் போகும். கையை எடுத்தால் ஸ்பிரிங் சாவியை ஆனுக்குத் தள்ளும். அந்த ஆன் காண்டாக்ட் கரிந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். வண்டி அணையும் நேரத்தில் டேஷ்போர்டில் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிகிறதா, இருட்டாகிறதா, அதைப் பாருங்கள். இருட்டானால் சுவிட்ச். எரிந்தால் சுவிட்ச் நல்லது, காயில் பக்கம் போங்கள். அப்புறம், அந்தச் சாவிக்கொத்தில் எத்தனை சாவி தொங்குகிறது?

செல்லூர் ஸ்பேனர்
இருட்டானால் சரி. எரிந்தால் சுவிட்ச் நல்லது என்று எப்படிச் சொல்வீர்கள்? விளக்குக்குத் துளிக் கரண்ட் போதும், கரிந்த காண்டாக்ட் அதைக் கொடுத்துவிடும், காயிலுக்குக் கொடுக்காது. சாவியை ஆனில் வைத்துக் காயிலின் பிளஸ்ஸில் மீட்டர் வைக்க வேண்டும். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவில் எங்கோ கரிந்திருக்கிறது.

ஒயரிங் வாத்தியார்
ராத்திரி ஒன்பதரைக்கு அவர் மீட்டருக்கு எங்கே போவார்? கையில் இருப்பதை வைத்துச் சொன்னேன்.

வண்டியூர்க்காரன் (9.50)
பதினொரு சாவி. கடை ஷட்டர், பீரோ, மாமியார் வீட்டுச் சாவி எல்லாம் அதில்தான்.

ஒயரிங் வாத்தியார்
பதினொன்றா! 2014-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சால்தான். ஓடும்போதே கொத்தின் கனத்தில் சாவி ஆனிலிருந்து நழுவி எஞ்சின் நின்று, ஏர்பேக் விரியாமல் போனது. 124 சாவுகளுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். சரிசெய்யும் வரை வண்டிச் சாவியை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டச் சொன்னதும் அந்தக் கம்பெனியே. முதலில் மற்ற பத்தையும் கழற்றுங்கள்.

கூடல்நகர் டிராக்டர்
இவ்வளவு எதற்கு? சாவிக்குப் பதில் ஒரு டாகிள் சுவிட்ச், செல்ஃபுக்கு ஒரு புஷ் பட்டன், நேரா வயர். எங்கள் டிராக்டர் எட்டு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

செல்லூர் ஸ்பேனர்
ஃபியூஸ் இல்லாமல் நேரா வயர் போட்டுத் தீப்பிடித்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். சாவியை உருவி வைத்தால் வளைவில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். டிராக்டரில் ஸ்டீயரிங் லாக் கிடையாது, இதில் உண்டு.

கூடல்நகர் டிராக்டர்
பயந்தவனுக்கு இருட்டெல்லாம் பேய். எங்கள் அப்பா வைத்திருந்த அம்பாசிடரில் செல்ஃபுக்கு இழுக்கிற குமிழே தனியாக இருந்தது. தகரடப்பா மாருதியை வாங்கிவிட்டுப் புலம்பினால் எப்படி?

சொக்கிகுளம் கார்ப்
அம்பாசிடர் ஆட்களுக்குப் பெட்ரோல் பங்குக்காரர் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பாராமே?

ஆனைமலை அடிவாரம்
இரண்டு வண்டியின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. பத்து வருஷம் கழித்தும் சண்டையா? அந்தப் பிள்ளைக்குக் காது குத்த விடுங்கள்.

செல்லூர் ஸ்பேனர்
வண்டியூர் அண்ணே, மாற்றப் போனால் லாக் செட்டோடு வாங்காதீர்கள். ஸ்டீயரிங் அடியில் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால் லாக்கின் பின்னால் வயர் வருகிற காண்டாக்ட் பகுதி தனியாக இருக்கும். அது மட்டும் கிடைத்தால் பழைய சாவியே போதும். வயர்கள் வந்து சேர்கிற கப்ளரையும் உருவிப் பாருங்கள், அதிலுள்ள பின்கள் கறுத்து பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். வயர் நிறத்தை நம்பாதீர்கள், இத்தனை வருஷத்தில் எத்தனை கை பட்டதோ. கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள்.

வண்டியூர்க்காரன் (மறுநாள் மாலை 5.20)
விளக்கு இருட்டானது. சுவிட்ச்தான். காலையில் மச்சான் ஆட்டோவில் இரண்டு நடை அடித்தோம். மதியம் பழங்காநத்தத்தில் ஒரு பெரியவர் காண்டாக்ட் மட்டும் மாற்றினார், ஒரு பின் கரிக்கட்டை. சாவி பழசேதான். எல்லோருக்கும் நன்றி, பந்தி நடக்கிறது, வருகிறேன்.

ஒயரிங் வாத்தியார்
மீட்டர் இல்லாமல்.

செல்லூர் ஸ்பேனர்
இருட்டானால் சரி என்று நானும்தான் சொன்னேன்.

மேலூர் ரோடு
டெர்மினலையும் ஒரு தடவை தேய்த்தீர்களா?