மறு: 'உயிரியல் கடவுச்சீட்டு' சரிவருமா? 'தன்வரம்பேடு' என்று ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

தடைசெய்த மருந்து எடுத்தாரா, இரத்தம் ஏற்றிக்கொண்டாரா என்று கண்டுபிடிக்க நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து வைக்கும் ஏட்டுக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் 'உயிரியல் கடவுச்சீட்டு', 'குருதிச் சான்றிதழ்', 'உடலியல் அடையாள ஏடு'. மூன்றுமே அந்த ஏட்டின் வேலையைச் சொல்லவில்லை என்பது என் கருத்து. கடவுச்சீட்டைக் காட்டினால் எல்லையைக் கடக்கலாம். சான்றிதழ் வைத்திருப்பவர் தூய்மையானவர் என்று பொருள்படும். இந்த ஏடோ யாருக்கும் நற்சான்று தருவதில்லை. ஒருவரின் இன்றைய இரத்தத்தை அவருடைய நேற்றைய இரத்தத்தோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். சொல்லும் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓட்டக்காரர் ஒருவருக்கு ஹீமோகுளோபின் லிட்டருக்கு 150 கிராம், இளஞ்சிவப்பணுக்கள் (புதிதாக உருவாகி இன்னும் முதிராத சிவப்பணுக்கள்) 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பணு விழுக்காட்டின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கி ஹீமோகுளோபினிலிருந்து கழிக்க வேண்டும். 150-இல் 60 போக 90. அதே ஆளுக்கு அடுத்த பெரிய போட்டிக்கு முன் ஹீமோகுளோபின் 165, இளஞ்சிவப்பணு 0.36 விழுக்காடு என்று வருகிறது. 0.36-இன் வர்க்கமூலம் 0.6, அதை 60-ஆல் பெருக்கினால் 36, 165-இல் 36 போக 129. ஹீமோகுளோபின் 165 என்பதை மட்டும் பார்த்தால் எந்த ஆய்வகத் தாளும் ஆண்களுக்கு இயல்பு என்றே எழுதும். ஆனால் 90-இலிருந்து 129-க்குத் தாவியது பேசுகிறது. இரத்தம் ஏற்றிக்கொண்டாலோ, சிவப்பணு உருவாகத் தூண்டும் ஈபிஓ ஊசியைப் போட்டுவிட்டு நிறுத்தினாலோ, உடலில் சிவப்பணு மிகுந்துவிட்டது என்று எலும்பு மச்சை புதிய அணுக்கள் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் ஏறி, இளஞ்சிவப்பணு இறங்கும் அந்தச் சோடி மாற்றத்தைத்தான் இந்தக் கழித்தல் பிடிக்கிறது.

இப்படி ஒவ்வொரு மாதிரியும் சேரச் சேர, கணினி அந்த ஒருவருக்கென்றே மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் திருத்திக்கொண்டே வருகிறது. தொடக்கத்தில் எல்லைகள் அகலமாக இருக்கும். போகப்போக அவரை ஒட்டி நெருங்கும். இந்தச் சொந்த எல்லையை நான் 'தன்வரம்பு' என்கிறேன். அதைப் பதியும் ஏடு 'தன்வரம்பேடு'.

இது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய முறையைப் பார்த்தால் போதும். 1997-இல் மிதிவண்டிப் பந்தயத்தின் உலகக் கூட்டமைப்பு, ஆண்களின் இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் போட்டியிட முடியாது என்றது. எல்லாருக்கும் ஒரே வரம்பு. பிறவியில் 42 உள்ளவர் ஊசி போட்டு 49 வரை ஏறலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பிறவியிலேயே 51 உள்ளவர் மட்டும் மருத்துவச் சான்றோடு அலைய வேண்டும். இயற்கையின் கொடை பெற்றவர் சந்தேகத்துக்கு ஆளாக, ஏமாற்றியவர் தப்பிக்க, நல்ல வழி போட்டுக் கொடுத்த முறை அது.

இரத்தத்தில் இயற்கையின் கொடை என்றால் பின்லாந்தின் ஏரோ மான்டிரான்டாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் ஓட்டக்காரர் அல்லர், பனிச்சறுக்கு வீரர். ஆனால் சிக்கல் ஒன்றுதான். 1964 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டரைச் சுமார் 40 விநாடி முன்னிலையில் வென்றார். அவருடைய ஹீமோகுளோபின் 200-க்கு மேல். ஏமாற்றுகிறார் என்று பேசினார்கள். 1993-இல் மரபியலாளர்கள் அவர் குடும்பத்தை ஆராய்ந்தபோது, எரித்ரோபொயட்டினை (மேலே சொன்ன ஈபிஓவை) ஏற்கும் புரதத்தின் மரபணுவில் ஒரு பிறழ்வு இருப்பதும், அது குடும்பத்தில் பலருக்கும் இறங்கியிருப்பதும் தெரிந்தது. பொது வரம்பில் வைத்தால் அவர் என்றென்றும் குற்றவாளி. தன்வரம்பில் வைத்தால் 200 என்பது அவருக்கு இயல்பு. இதே மனிதர் பின்னாளில் ஆம்ஃபெட்டமின் சோதனையில் சிக்கியதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறவித் திறன் இருப்பவர் மருந்து எடுக்கவே மாட்டார் என்றோ, மருந்து எடுத்தவருக்குப் பிறவித் திறன் இருந்திருக்காது என்றோ நம் சொற்கள் முன்கூட்டியே முடிவுகட்டக் கூடாது.

இனி, எழுந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

> கடவுச்சீட்டு இலங்கையில் அன்றாடம் புழங்கும் சொல். எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஐயா. ஆனால் புரிவது பயணச் சீட்டாகப் புரியும். ஆங்கிலத்தில் அந்த உருவகத்தை வைத்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நாம் அதைச் சுமக்கத் தேவையில்லை.

> 'தனிவரம்பு' இன்னும் எளிதல்லவா?

எளிதுதான். ஆனால் 'தனி' என்றதும் அவருக்கு மட்டும் ஏதோ சலுகை கொடுத்தது போல இருக்கிறது. கென்யாவில் 2,400 மீட்டர் உயரத்து இட்டென் நகரில் பயிற்சி எடுப்பவரைப் பற்றி 'அவருக்குத் தனிவரம்பு உண்டு' என்று செய்தி வந்தால், படிப்பவர் என்ன நினைப்பார்? 'தன்' அந்த மயக்கத்தைத் தராது. வீரர் தானே வகுத்துக்கொண்ட வரம்பு என்று தோன்றாதா என்று நம் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். 'தன்வரலாறு' என்பதில் அப்படித் தோன்றும், சரி. 'தன்மானம்', 'தன்னிலை' ஆகியவற்றில் தோன்றவில்லையே. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் இங்கும் தோன்றாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அடுத்த சொல். அளவு எல்லைக்கு வெளியே போனால் அதை என்னவென்று சொல்வது? முன்மொழியப்பட்டது 'வரம்பு மீறல்'. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மீறல் என்றால் தெரிந்து செய்தது. எல்லைக்கு வெளியே ஓர் அளவு வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு: மலைப் பயிற்சி, நீர்ச்சத்துக் குறைவு, நோய், இரத்தப்போக்கு. அதனால்தான் பயிற்சியோ போட்டியோ முடிந்து குறிப்பிட்ட நேரம் ஆன பிறகே மாதிரி எடுக்கிறார்கள்; அதற்கு முன் பத்து நிமிடம் உட்கார வைக்கிறார்கள்; அண்மையில் உயரமான இடத்தில் இருந்தாரா என்று எழுதி வாங்குகிறார்கள். கணினி கொடி காட்டினாலும், வீரரின் பெயர் தெரியாமல் ஒரு வல்லுநர் பார்க்கிறார். அவருக்கும் ஐயம் வந்தால் மூவர் குழு. மூவரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். வீரரின் விளக்கத்தையும் கேட்டபிறகே முடிவு.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். எல்லைக்கு வெளியே வந்த எண்ணுக்குத் 'தன்வரம்பு விலகல்'. குழு ஒருமனதாகத் தீர்த்தபின் 'தன்வரம்பு மீறல்'. நாளிதழ்க்காரர் முதல் கட்டத்திலேயே இரண்டாவது சொல்லை எடுத்துவிட்டால், ஒருவரின் வாழ்க்கை தலைப்பிலேயே முடிந்துபோகும். போர்ச்சுகலின் மராத்தான் வீரர் எல்டர் ஒர்னெலாசுக்கு 2012-இல் இந்த ஏட்டை வைத்தே நான்காண்டுத் தடை விதித்தார்கள். உலகத் தடகளத்தில் அதுவே முதல் வழக்கு. அது மீறல்தான், அப்படியே எழுதலாம்.

இதோடு 'ஊக்கமருந்து' பற்றியும் ஒரு வார்த்தை. கென்ய ஓட்டக்காரர் ரூத் செப்ங்கெடிச் 2024 அக்டோபரில் சிகாகோ மராத்தானை 2 மணி 9 நிமிடம் 56 விநாடியில் முடித்தார். 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண். முடித்த கையோடு செய்தியாளர் சந்திப்பிலேயே ஐயக் கேள்வி வந்தது. 2025 மார்ச்சில் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினாலே சிக்கல் என்ற இடத்தில் சுமார் 3,800. மூன்றாண்டுத் தடை. அந்த மருந்து சிறுநீர்ப் பெருக்கி, யாரையும் ஊக்குவது அல்ல. சிறுநீரை நீர்த்துப்போகச் செய்து மற்றவற்றை மறைக்க உதவும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது. சிகாகோ சாதனை, அந்த மாதிரி எடுப்பதற்கு முந்தையது. அது அப்படியே நிற்கிறது. 'ஊக்கமருந்தால் சாதனை படைத்தார்' என்று எழுதினால் இரண்டு தவறு. 'தடைமருந்து' என்று எழுதினால் முதல் தவறாவது போகும். இரத்தம் ஏற்றுவது மருந்தே இல்லை என்பதால் அதற்குத் 'தடைமுறை' என்று தனியாக வைக்கலாம்.

அகரமுதலியில் சேர்க்க என் வரைவு:

தன்வரம்பு: ஒரு வீரரின் முந்தைய அளவுகளைக் கொண்டு அவருக்கென்று கணிக்கப்படும் மேல், கீழ் எல்லைகள்.

தன்வரம்பேடு: அவ்வெல்லைகளையும் அளவுகளையும் கால வரிசையில் காட்டும் ஏடு.

தன்வரம்பு விலகல்: எல்லைக்கு வெளியே பதிவான அளவு; காரணம் இன்னும் தீர்க்கப்படாதது.

தன்வரம்பு மீறல்: வல்லுநர் குழு தடைமருந்து அல்லது தடைமுறையே காரணம் என ஒருமனதாக முடிவு செய்த விலகல்.

'இளஞ்சிவப்பணு' என்பதை நான் கைக்கு வந்தபடி ஆண்டிருக்கிறேன். இரத்தவியல் படித்தவர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். மருத்துவக் கல்லூரிகளில் வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.