ஹீட் பம்ப் ஏசி: வெளி யூனிட் முழுக்க ஐஸ், ரூம் சூடாகவில்லை. அவசரம்!

மாட்டுப்பட்டி_ரோடு
மூணாறு ஹோம்ஸ்டேயில் மாட்டிய ஹாட் அண்ட் கோல்ட் ஏசி, அதாவது குளிருக்குச் சூடும் கொடுக்கும் ஹீட் பம்ப். ராத்திரியிலிருந்து சரியாகச் சூடு வரவில்லை. வெளி யூனிட் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடித்து நிற்கிறது. நடுநடுவே தானாக நின்றுவிடுகிறது, புகை மாதிரி வேறு வருகிறது. சாயங்காலம் கெஸ்ட் வருகிறார்கள். மெக்கானிக் அடிமாலியிலிருந்து வர வேண்டும், நாளைக்குத்தான் என்கிறார். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்ப்ரஸர்_பாண்டி
காஸ் கம்மி. ஐஸ் பிடித்தாலே காஸ் லீக்தான். ஃபில் பண்ணுங்கள், சரியாகிவிடும்.

போடிமெட்டு_டீ
அண்ணே, எத்தனை டன்? இன்வெர்ட்டர் ஏசியா? வெளியே எத்தனை டிகிரி? யூனிட் மொட்டை மாடியிலா, சுவரிலா? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி?

லெட்சுமி_எஸ்டேட்
முதலில் வோல்டேஜ் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் கெய்சர் ஓடும். எங்கள் பக்கம் டியூப் லைட்டே கண் சிமிட்டும். ஸ்டெபிலைசர் இருக்கிறதா?

குளிர்பதன_வாத்தியார்
ஜனவரி பிறந்தால் இதே கேள்வி. பழைய பதிவைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, இன்னொரு தடவை எழுதுகிறேன்.

சூடு கொடுக்கும்போது வெளி யூனிட்தான் குளிர்ந்த பக்கம். காற்றிலிருந்து சூட்டை இழுக்க, அதிலுள்ள குழாய்ச் சுருள், அதாவது ‘காயில்’, காற்றைவிடச் சில டிகிரி கீழே இருந்தாக வேண்டும். வெளியே 3 டிகிரி என்றால் காயில் மைனஸுக்குப் போய்விடும். மூடுபனி ஈரம் அதில் படிந்து உறையும். அது பழுது அல்ல. மெஷினே அவ்வப்போது காஸ் ஓடும் திசையை மாற்றும் ஃபோர் வே வால்வைத் திருப்பி, சூட்டை வெளியே அனுப்பி ஐஸை உருக்கும். அந்த ஐந்து பத்து நிமிடம் உள்ளே ஃபேன் நிற்கும். நீங்கள் பார்த்த ‘புகை’ வெறும் நீராவி.

பாண்டிக்கு: காஸ் குறைந்தால் காயிலில் காஸ் நுழையும் பக்கம் மட்டும்தான் பெரும்பாலும் ஐஸ் பிடிக்கும். முழுக்கச் சமமாகப் பிடித்தால் காற்றோட்டத்தையோ, டீஃப்ராஸ்ட் என்கிற அந்த ஐஸ் உருக்கும் வேலையையோ பார்க்க வேண்டும். அடிப்படை தெரியாமல் காஸ் விற்காதீர்கள்.

கம்ப்ரஸர்_பாண்டி
புத்தகம் படித்தவர்கள் எல்லாம் ஸ்பேனர் பிடித்தால் தெரியும்.

மாட்டுப்பட்டி_ரோடு
1.5 டன் இன்வெர்ட்டர். ஸ்டிக்கர் மங்கிவிட்டது, மாடல் தெரியவில்லை. ஸ்டெபிலைசர் உண்டு. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. ஐஸ் உருகுகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துவிடுகிறது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாமா?

போடிமெட்டு_டீ
கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கொத்தவும் வேண்டாம், காயில் மேலிருக்கும் மெல்லிய தகடு (ஃபின்) மடங்கும், குழாய் ஓட்டையாகும். மெயினை அணைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். யூனிட் எங்கே இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை.

கிராண்டிஸ்_விறகு
ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் சூடு என்று ஏமாற்றி விற்கிறார்கள். 3 டிகிரி குளிரில் சூடு எங்கே இருக்கிறது இழுப்பதற்கு? எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கும்முட்டி அடுப்பில் நாலு கரி போட்டால் விடிய விடியக் கதகதப்பு. இதற்கு லட்சம் கொட்ட வேண்டுமா?

குளிர்பதன_வாத்தியார்
இந்த மாதிரி ஏசிக்குள் ஓடும் ஆர்-32 வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்கு உங்கள் 3 டிகிரிக் காற்று வெந்நீர். கரண்ட் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் ஒன்றுக்கு மூன்று. குளிர் கூடக் கூட அது இரண்டரை, இரண்டு என்று இறங்கும், அவ்வளவே. இதில் புதுசு எதுவும் இல்லை. சூரிச் நகர மண்டபத்தில் 1938-லேயே ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்தார்கள்.

லெட்சுமி_எஸ்டேட்
விறகண்ணே, கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு வைக்கச் சொல்லாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான்.

கிராண்டிஸ்_விறகு
சன்னல் கொஞ்சம் திறந்து வைப்போம். எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் செத்தா போனார்கள்?

லெட்சுமி_எஸ்டேட்
உங்கள் வீட்டில் எப்படியோ. கெஸ்ட் சன்னலைத் திறந்து வைப்பார்கள் என்று யார் உத்தரவாதம்?

ஓஸ்லோ_உடுமலை
நான் இருப்பது நார்வே. இங்கே தெருவுக்குத் தெரு ஹீட் பம்ப்தான், என் வீட்டில் மைனஸ் 15-லும் ஓடுகிறது. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: மைனஸ் 15-ஐவிட 2 டிகிரி ஈரக் குளிரில்தான் ஐஸ் தொல்லை அதிகம். கடுங்குளிரில் காற்றில் ஈரமே இருக்காது. மூணாறு மூடுபனி அதற்கு நேர் எதிர்.

உருகி உடனே மறுபடி பிடிக்கிறது என்றால், தான் துப்பிய குளிர்காற்றையே யூனிட் திரும்ப இழுக்கிறதா என்று பாருங்கள். சுவருக்கு ரொம்ப ஒட்டி இருக்கிறதா? மேலே, பக்கத்தில் ஏதாவது மூடியிருக்கிறதா? அடித்தட்டு ஓட்டையில் தண்ணீர் வடிகிறதா?

மாட்டுப்பட்டி_ரோடு
குரங்குத் தொல்லைக்காகச் சுற்றித் தகரப் பெட்டி அடித்திருக்கிறோம். முன்னால் மட்டும் வலை. மேலே மழைக்குத் தார்ப்பாய். அதுவா?

போடிமெட்டு_டீ
அடக் கடவுளே. இதைத்தானே அண்ணே காலையிலிருந்து கேட்கிறேன்.

ஓஸ்லோ_உடுமலை
அதேதான். பின்னாலும் பக்கத்திலும் தகரத்தைக் கழற்றுங்கள். குரங்குக்குக் கம்பி வலை போதும், கண்ணி பெரிதாக இருக்கட்டும். மழைக்கு மேலே சாய்வாக ஒரு தகடு, யூனிட்டிலிருந்து தள்ளி. தரையில் வைத்திருந்தால் ஸ்டாண்ட் போட்டு ஒரு முழம் உயர்த்துங்கள். உருகிய தண்ணீர் அடியில் தேங்கி உறைந்தால் ஃபேன் இறக்கை இடிக்கும்.

கம்ப்ரஸர்_பாண்டி
தகரத்தைக் கழற்றிய பிறகும் காஸ் செக் பண்ணிவிடுங்கள். நான் சொன்னது சொன்னதுதான்.

குளிர்பதன_வாத்தியார்
கெஸ்ட் வருவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே 20-ல் போட்டு விடுங்கள். குளிர்ந்த அறையில் ஆள் வந்தபிறகு 30 வைத்தால் வேகமாகச் சூடாகும் என்று நினைப்பது இன்னொரு மூடநம்பிக்கை. அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், யாரும் படிக்க மாட்டீர்கள்.

கிராண்டிஸ்_விறகு
கரண்ட் போனால் உங்கள் ஒன்றுக்கு மூன்று என்ன ஆகும் வாத்தியாரே?

குளிர்பதன_வாத்தியார்
கரண்ட் போனால் கம்பளி. கரி அல்ல.

மாட்டுப்பட்டி_ரோடு
தகரம் கழற்றியாச்சு. ஐஸ் இப்போது லேசாகத்தான் பிடிக்கிறது, ரூம் 19 காட்டுகிறது. கெஸ்ட் வந்துவிட்டார்கள், அப்புறம் வருகிறேன்.

போடிமெட்டு_டீ
சரிண்ணே. ராத்திரி குரங்கு வந்தால் அதற்குத் தனிப் பதிவு போடுங்கள்.

வட்டவடை_பூண்டு
எங்கள் வீட்டு யூனிட்டிலும் ஐஸ். என்ன செய்வது?

போடிமெட்டு_டீ
எத்தனை டன்?