‘எங்கள் பண்பாடும் நானும்’: மகளுக்கு என்ன சொல்லித் தருவது?

ஓசூர் அப்பா:

வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு. இந்தத் தலைப்பில் இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு ராத்திரி பேனாவோடு வந்து உட்கார்ந்து, “அப்பா, நாம தெலுங்கா, தமிழா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சொந்த ஊர் ராயக்கோட்டை பக்கம். வீட்டில் தெலுங்குதான் பேசுவோம், ஆனால் எங்களில் ஒருவருக்கும் தெலுங்கு எழுத்து தெரியாது. படித்ததெல்லாம் தமிழ். மனைவிக்குக் காவேரிப்பட்டணம், அவர் வீட்டில் தமிழ் மட்டும். அப்பா தக்காளிப் பெட்டிகளைத் தெலுங்கில் எண்ணுவார், நோட்டில் தமிழில் எழுதுவார், பெங்களூர் வியாபாரி வந்தால் கன்னடத்தில் விலை பேசுவார். ராத்திரி சட்டியில் இருப்பது ஒரே பண்டம். மனைவி களி என்பார், அம்மா சங்கடி என்பார், அந்த வியாபாரி சாப்பிட உட்கார்ந்தால் முத்தே என்பார்.

மாவட்டத்தைச் சொல்லி அடையாளம் காட்டலாம் என்றால் அதுவும் நிற்கவில்லை. அப்பா பிறந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி தனியாகப் பிரிந்தது, நான் பிறந்தது அதில். 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது, மகள் பிறந்தது அதில். மூன்று பேருக்கும் தொட்டில் கட்டியது ஒரே விட்டத்தில்தான்.

போன வருடம் என் பாட்டி தவறியபோது ஒன்றைக் கவனித்தேன். ஆயுசு முழுக்கத் தெலுங்கு பேசிய அத்தைகள் ஒப்பாரி வைத்தது தமிழில். அன்றிலிருந்து இது என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு என்ன சொல்லட்டும்?

பென்னாகரம் டீச்சர்:

சார், “நாம யாரு” என்பதை விட்டுவிட்டு “எதை யாரிடம் கற்றாய்” என்று கேட்டுப் பாருங்கள், பாப்பா தானாக எழுதும். 1871-ல் எட்வர்ட் டைலர் என்ற மானுடவியலாளர் பண்பாட்டுக்கு ஒரு வரையறை தந்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று அடுக்கிவிட்டு, மனிதன் சமூகத்தில் ஒருவனாக இருந்து பெறுகிறவை எல்லாம் என்று முடித்தார். பெறுகிறவை என்ற சொல்தான் முக்கியம். ரத்தத்தில் வருவதில்லை. பென்னாகரத்தில் பிறந்த குழந்தையை ஜப்பானில் வளர்த்தால் அது ஜப்பானிய மொழியில்தான் கனவு காணும்.

பண்படுத்துவது என்பது நிலத்துக்கும் சொல்லும் சொல். ஆங்கிலக் கல்ச்சருக்கும் வேர், லத்தீனில் உழவைக் குறிக்கும் சொல்தான். கல் பொறுக்கி, எரு போட்டு, உங்கள் அப்பா மண்ணுக்குச் செய்ததை ஊரும் வீடும் உங்களுக்குச் செய்திருக்கிறது. உங்கள் அத்தைகள் ஒப்பாரியை யாரோடு உட்கார்ந்து கற்றார்கள்? பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்களோடுதானே.

அரூர்க்காரன்:

நடுகல்லைப் பற்றியும் பாப்பாவிடம் சொல்லுங்கள் அண்ணா. மாட்டைக் கவர்ந்து போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட கல். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒருநாள் கூட்டிப் போங்கள். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இன்ன ராஜா காலத்தில், இன்னார் மகன், இந்தச் சண்டையில் பட்டான் என்று இருக்கும். ஆனால் ஊருக்குள் இருக்கிற கல்லின் எழுத்தை யாரும் படிப்பதில்லை. அதற்கு வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கும் அதே பெயர் வைக்கிறோம். என் தாத்தா பெயரும் அதுதான். செத்தவன் பெயர் மறந்துபோய், அவன் மேல் வைத்த மரியாதை மட்டும் ஆயிரம் வருடத்துக்கு மேல் கைமாறி வந்திருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

மொரப்பூர் தம்பி:

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர் டீக்கடையில் என் அப்பாவுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கூரையில் செருகிவிட்டு வருவார். அதையும் யாரோ யாருக்கோ சொல்லிக்கொடுத்துத்தானே வந்தது? டீச்சர் சொன்ன பட்டியலில் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் இதுவும் உண்டு. நான் யார் என்று எனக்கு முதலில் சொன்னது அந்த டம்ளர்தான். மொழியோ களியோ சாமியோ அப்புறம் வந்தவை.

பென்னாகரம் டீச்சர்:

கோபம் எதற்குத் தம்பி. நான் அதைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. கற்றது என்றால் விடவும் முடியும் என்று வகுப்பில் சொல்வேன். ஆனால் முதலில் அப்படி ஒன்று இருந்தது என்று வாயால் சொல்ல வேண்டும்.

ஓசூர் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு எல்லாப் பதிலையும் வாசித்துக் காட்டினேன். டீச்சர் சொன்னபடி ஒரு பக்கம் கடகடவென்று எழுதிவிட்டாள். களி கிண்டுவது பாட்டியிடம், கோலம் அம்மாவிடம், எண்ணுவது தாத்தாவிடம்.

அப்புறம் மொரப்பூர் தம்பி எழுதியதை எடுத்துக்கொண்டு நேராகத் தாத்தாவிடம் போனாள். “நம்ம வீட்லயும் தனி டம்ளர் இருந்துச்சா தாத்தா?” என்று தெலுங்கில் கேட்டாள். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, டம்ளர் இல்லை, கொட்டாங்குச்சி, அந்த எரவாணத்தில் செருகியிருக்கும் என்றார். களையெடுக்க வந்தவர்களுக்கு அதில்தான் மோர் ஊற்றினார்களாம். எனக்கே இது இன்றுவரை தெரியாது.

“இதை எழுதலாமா?” என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். எழுதச் சொன்னேன். இரண்டாவது பக்கம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.