1,790 கிராம் குழந்தை, மூன்று நாளில் பத்து கிராம்தான் ஏறியிருக்கிறது: எங்கே தவறுகிறது?

கேள்வி: மலையடிவாரச் செவிலி (கிராம சுகாதார செவிலியர்)

வணக்கம் சிஸ்டர்ஸ். வீட்டுப் பார்வையில் இருக்கும் ஒரு குறைமாதக் குழந்தைக்கு யோசனை வேண்டும். 33 வாரத்தில் சுகப்பிரசவம், பிறந்த எடை 1,640 கிராம். எஸ்.என்.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவு) 18 நாள் இருந்து 1,780 கிராமில் டிஸ்சார்ஜ். இன்று 21-ஆம் நாள், எடை 1,790. டிஜிட்டல் தராசு, துணியில்லாமல், பால் கொடுக்கும் முன் போட்டது.

பீச்சிய தாய்ப்பால் மட்டும், பாலாடையில் (மூக்கு வைத்த சின்னப் பால்கிண்ணம்). ஒரு தடவைக்கு 20 மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. மார்பில் போட்டால் நாலைந்து முறை சப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறது. அக்குள் வெப்பம் 36.3 டிகிரி செல்சியஸ். வயிறு வெதுவெதுப்பாக இருக்கிறது, பாதம் சில்லென்று இருக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 48, மார்பு உள்ளிழுக்கவில்லை, மஞ்சள் இல்லை. தொட்டு எழுப்பினால் கைகால் நன்றாக ஆட்டுகிறது. நேற்று 24 மணி நேரத்தில் சிறுநீர் ஐந்து தடவை.

"பால் தண்ணியா இருக்கு, சத்து இல்ல, டப்பாப் பால் கலந்துடலாம்" என்கிறார் பாட்டி. அம்மாவும் பாதி நம்பிவிட்டார். வீட்டிலேயே எதைத் திருத்தலாம், எந்தக் கட்டத்தில் திருப்பி அனுப்ப வேண்டும்?

பதில் 1: நைட் டியூட்டி சிஸ்டர் (எஸ்.என்.சி.யூ.)

சிஸ்டர், பாலின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் மில்லியைக் கூட்டிப் பாருங்கள். 20 மில்லி, எட்டு தடவை: நாளைக்கு 160 மில்லி. எடையால் வகுத்தால் கிலோவுக்கு 90 மில்லிகூட வரவில்லை. மூன்று வாரமான இந்த எடைக் குழந்தைக்குக் கிலோவுக்கு 150 முதல் 180 மில்லி வேண்டும். பாதியளவு பால்தான் போகிறது. அதில் எடை குறையாமல் நின்றதே பெரிது.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அனேகமாக "இரண்டு மணிக்கு ஒரு தடவை 25 மில்லி" என்று இருக்கும். வார்டில் நாம் மணி பார்த்து எழுப்பிக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போனதும் "தூங்குற பிள்ளைய எழுப்பக் கூடாது" என்று இடைவெளி நீண்டுவிடும். பசித்தால் அழும் என்பது நிறைமாதக் குழந்தையின் கணக்கு. குறைமாதக் குழந்தை பசித்தால் இன்னும் தூங்கும். அழவில்லை என்பதை வயிறு நிறைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை அம்மாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

இன்று: 25 மில்லி, 24 மணி நேரத்தில் பத்து தடவை. வாந்தி, வயிறு உப்புசம் இல்லையென்றால் நாளை முதல் பன்னிரண்டு தடவை. அது 300 மில்லி, கிலோவுக்கு சுமார் 168. இரவில் எந்த இடைவெளியும் மூன்று மணியைத் தாண்டக் கூடாது. எடை ஏற ஏற அளவும் ஏற வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: டிஸ்சார்ஜ் அன்று எழுதிய 25 மில்லியையே ஒரு மாதம் கொடுப்பார்கள். எடையை (கிலோவில்) 165-ஆல் பெருக்கி, தடவைகளால் வகுத்துக்கொள்ளுங்கள். 1.9 கிலோ ஆனால் 26 மில்லி, 2.1 ஆனால் 29.

சுவரில் ஒரு காலண்டர் தாளை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் மணியும் மில்லியும் எழுதச் சொல்லுங்கள். சிறுநீருக்கு ஒரு கோடு. நாளைக்கு ஆறு முதல் எட்டு தடவை போனால் பால் சேர்கிறது.

ஏற வேண்டிய எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 15 கிராம்; இந்தக் குழந்தைக்கு 25 கிராம் பக்கம். தினமும் போட்டுப் பார்த்துப் பதற வேண்டாம், மூன்று நாளுக்கு ஒரு தடவை அதே தராசில் போதும். அளவைச் சரிசெய்து மூன்று நாள் ஆகியும் ஏறவில்லையென்றால் காத்திருக்காமல் எங்களிடம் அனுப்புங்கள். தொற்று, ரத்தசோகை என்று தேட வேண்டியிருக்கும்.

அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாதவை: பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, முழு நிமிடம் எண்ணி மூச்சு 60 அல்லது அதற்கு மேல், மார்பு உள்ளிழுப்பது, மூச்சு நின்று நின்று வருவது, வலிப்பு, பச்சை வாந்தி, வெப்பம் 38 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35.5-க்குக் கீழ். உடனே 108. வண்டியிலும் அம்மாவின் மார்போடு அணைத்தபடியே வரட்டும்.

பதில் 2: தாய்ப்பால் ஆலோசகர்

மில்லிக் கணக்குச் சரி. ஆனால் பாலாடையில் ஊற்றியது எல்லாம் வயிற்றுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு சின்னத் துணியை வைத்து, முன்னும் பின்னும் எடை போடுங்கள். ஒரு கிராம் கூடியிருந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி சிந்தியிருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். 20-இல் ஐந்து மில்லி துணிக்குப் போவது சாதாரணமாக நடக்கும்.

சிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, படுக்க வைத்துக் கொடுப்பது. மடியில் பாதி உட்கார்ந்த நிலையில், தலையும் முதுகும் நேர்கோட்டில் வேண்டும். இரண்டு, ஊற்றுவது. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல், வாயோரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சும். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்த சாய்ப்பு. மூச்சு வாங்கினால், உதடு நிறம் மாறினால் நிறுத்துங்கள். 25 மில்லிக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். ஐந்தே நிமிடத்தில் முடிந்தால் பால் நுரையீரலுக்குப் போகும் ஆபத்து. அரை மணி தாண்டினால் குழந்தை களைத்துவிட்டது. பாதி தூக்கத்தில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பாதத்தைத் தேய்த்து, துணி மாற்றி, கண் திறந்த பிறகுதான்.

பாலாடை எவர்சில்வரில் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். சீர் வந்த வெள்ளிப் பாலாடையில் வேலைப்பாடு இருந்தால் இடுக்கில் பால் காயும். ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். (நம் பாட்டிமார் சாமான்தான், ஆங்கிலத்தில் எழுதும் குழந்தை மருத்துவர்களும் பாலாடை என்றே எழுதுகிறார்கள். புட்டிக்கு இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.)

இனி "தண்ணிப் பால்". பீச்சும்போது முதலில் வருவது நீர்த்துத்தான் இருக்கும். மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடும். ஐந்து நிமிடம் பீச்சிவிட்டு எழுந்தால் முன்பால் மட்டுமே கிண்ணத்தில் இருக்கும். வைத்த பாலில் கொழுப்பு மேலே ஆடையாக நிற்கும், பாத்திரத்தின் ஓரத்திலும் ஒட்டும். அதைக் கலக்காமல் மேலாகச் சாய்த்து ஊற்றினால் எடை ஏற்றும் பகுதி ஓரத்திலேயே தங்கிவிடும். கிண்ணத்தை மெதுவாகச் சுழற்றிக் கலந்து கொடுங்கள். பாட்டிக்கு அந்த ஓரத்து ஆடையைக் காட்டுங்கள், நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

அம்மா எத்தனை தடவை பீச்சுகிறார்?

மலையடிவாரச் செவிலி

சம்மரியில் 25 மில்லி, இரண்டு மணிக்கு ஒரு தடவை என்றுதான் இருக்கிறது சிஸ்டர். அம்மா நாளைக்கு ஐந்து தடவை பீச்சுகிறார், இரவில் இல்லை. மொத்தம் 180 மில்லி போல வருகிறது. அப்படியானால் 300-க்கு எங்கே போவது?

பதில் 3: தாய்ப்பால் ஆலோசகர்

எடுக்க எடுக்கத்தான் ஊறும். எட்டு முதல் பத்து தடவை பீச்ச வேண்டும், அதில் இரவில் குறைந்தது ஒன்று. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதல். இரவை விட்டால் அடுத்த நாளின் பாலும் குறையும்.

கை கழுவி, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மார்பை இரண்டு மூன்று நிமிடம் மென்மையாக நீவட்டும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தள்ளி. முதலில் உள்ளே நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுப்பதும் தோலில் விரல் வழுக்குவதும் புண்ணாக்கும், பால் வராது. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றி, மொத்தம் 20 முதல் 30 நிமிடம். குழந்தையை மார்போடு அணைத்து எடுத்த உடனே பீச்சினால் அளவு கூடும்.

பீச்சிய பாலை நம் வெயிலில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம், கதவில் அல்ல, உள்தட்டில். சூடாக்க வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்தால் போதும். அடுப்பில் நேரடியாக வேண்டாம். மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்குக் கொடுக்கக் கூடாது.

இந்த இரண்டு மூன்று நாளில் 300 எட்டவில்லை, எடையும் நிற்கிறது என்றால் தாய்ப்பால் வங்கிப் பாலா, குறைமாதத்துக்கான பவுடரா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். வீட்டில் கலக்கும் டப்பாப் பாலில் தண்ணீர் அளவு தவறுவதும் கிருமியும் பெரிய தொல்லை.

மார்பில் போடுவதை நிறுத்தாதீர்கள். இப்போது 36 வாரக் கணக்கு, சப்பி விழுங்கி மூச்சு விடும் ஒழுங்கு வந்துகொண்டிருக்கும். முதலில் பத்து நிமிடம் மார்பு, பிறகு பாலாடை. விழுங்கும் சத்தம் தொடர்ந்து கேட்கத் தொடங்கியதும், எடையைப் பார்த்துக்கொண்டே பாலாடை அளவைக் குறைக்கலாம்.

பதில் 4: வார்டு சிஸ்டர் (கங்காரு பராமரிப்பு)

36.3-ஐ யாரும் தொடவில்லையே. வேண்டியது 36.5 முதல் 37.5. வயிறு வெதுவெதுப்பு, பாதம் குளிர்ச்சி என்றால் குழந்தை தன் பாலை எரித்துத் தன்னைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. பால் 300 ஆனாலும் இப்படியே இருந்தால் எடை ஏறாது.

இப்போதே தோலோடு தோல் அணைப்பு. குழந்தைக்கு நாப்கின், தொப்பி, சாக்ஸ் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக, தலை ஒரு பக்கம் திரும்பி, மோவாய் சற்றே தூக்கி. மோவாய் நெஞ்சில் புதைந்தால் மூச்சுக்குழல் மடங்கும், இதை அம்மா நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கால் இரண்டும் தவளை போல மடங்கி விரிந்திருக்கட்டும். பழைய நூல்சேலையைச் சுற்றிக் கட்டுங்கள். மேல்விளிம்பு காதுக்குக் கீழே, இறுக்கம் மார்புப் பகுதியில், வயிற்றுப் பகுதி தளர்வாக. அம்மா தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரட்டும். ஒரு மணி நேரம் கழித்து வெப்பம் பாருங்கள். 36.5 வரவில்லையென்றால் மருத்துவமனை.

ஒரு அமர்வு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை எடுத்து வைப்பது குளிரத்தான் செய்யும். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பா, பாட்டி யாரும் அணைக்கலாம். "டப்பாப் பால்" என்ற பாட்டிக்கு இந்த வேலையைக் கொடுங்கள், மனமும் மாறும். 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே இதைத் தொடங்கியதே இன்குபேட்டர் போதாத வார்டில்தான். நம் வீடுகளுக்கு இது ஒன்றும் பெரிய ஏற்பாடு இல்லை.

மின்விசிறி ஓடலாம், காற்று நேரே படக் கூடாது. 2.5 கிலோ வரை குளிப்பாட்ட வேண்டாம், துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை, வசம்பு, உரை மருந்து எதுவும் வேண்டாம்.

பதில் 5: நைட் டியூட்டி சிஸ்டர்

இன்னொன்று சிஸ்டர், இன்று 21-ஆம் நாள். 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்ததால் 30-ஆம் நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆகியிருக்க வேண்டும். சம்மரியில் தேதி போட்டிருக்கிறதா? இல்லையென்றால் நாளையே கண் பிரிவில் கேட்டு வாங்கிவிடுங்கள். பார்வை போகும் நோய், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. கேட்கும் திறன் பரிசோதனையும் அதே பயணத்தில் முடிந்துவிடும்.

வைட்டமின் டி, இரும்பு சொட்டு மருந்துப் பாட்டில்களையும் கையில் எடுத்துப் பாருங்கள். வைட்டமின் டி நாளைக்கு 400 யூனிட். ஒரு மில்லிக்கு 400 உள்ளதும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. கடையில் வேறு பாட்டில் மாற்றிக் கொடுத்து, பழைய பாட்டிலின் சொட்டுக்குழாயில் அளந்தால் இரட்டிப்பு ஆகிவிடும். பாட்டில் மேல் உள்ள எண்ணைச் சம்மரியோடு ஒத்துப் பார்த்து, எத்தனை மில்லி என்று அட்டையில் பேனாவால் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.