பழைய பிஹெச்பி முகவரிகளுக்கு 301 போட்டேன், 404தான் வருகிறது

வேப்பங்கொழுந்து:
அப்பா 2004இல் தொடங்கிய மூலிகைத் தளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அறுநூறு கட்டுரைக்கு மேல் இருக்கிறது, பழைய முகவரி எல்லாமே 'ஆர்டிகிள்.பிஹெச்பி?ஐடி=412' மாதிரி. எத்தனையோ பேர் தங்கள் வலைப்பூக்களில் அந்த லிங்க்கைக் கொடுத்திருக்கிறார்கள், ஒன்றுகூட அறுந்துபோகக் கூடாது. சர்வருக்கான கட்டளைகளை எழுதும் ஹெச்டிஆக்சஸ் ஃபைலில் 'ரீடைரக்ட் 301' (புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்புவது) என்று வரிவரியாக எழுதியும் 404தான் ('பக்கம் இல்லை') வருகிறது. எங்கே தப்பு?

சர்வர்க்காரன்:
'ரீடைரக்ட்' கட்டளை கேள்விக்குறிக்கு முந்தைய பாதையை மட்டும்தான் பார்க்கும், ஐடி=412 அதன் கண்ணிலேயே படாது. 'ரீரைட்காண்ட்' வரியில் குவெரி ஸ்ட்ரிங்கை, அதாவது கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைச் சோதித்து, அடுத்த வரியில் 'ரீரைட்ரூல்' எழுதுங்கள். ஐடி=412க்கு முன்னால் ^ (தொடக்கம்), பின்னால் $ (முடிவு) கட்டாயம், இல்லையென்றால் ஐடி=4க்கு எழுதிய விதி 412ஐயும் பிடித்துக்கொள்ளும். ரூலின் கடைசியில் ஆர்=301 (நிரந்தரத் திருப்பல்), எல் (இந்த விதியோடு நிறுத்து) ஃபிளாக்குகளோடு க்யூஎஸ்டியும் போடுங்கள், அது இல்லாவிட்டால் புது முகவரியின் வாலில் ஐடி=412 ஒட்டிக்கொண்டே வரும். அப்புறம், எல்லாவற்றையும் 'பிகின் வேர்ட்பிரஸ்' வரிக்கு மேலே வையுங்கள். அதற்குள் எழுதினால் வேர்ட்பிரஸ் ஒருநாள் அழித்து எழுதிவிடும்.

கடலோரம்:
முதலில் 302 (தற்காலிகத் திருப்பல்) போட்டுச் சோதியுங்கள், எல்லாம் சரி என்றான பிறகு 301. நான் ஒருமுறை தப்பான பக்கத்துக்கு 301 கொடுத்துவிட்டு, ஃபைலைத் திருத்திய பிறகும் பிரவுசர் பழைய இடத்துக்கே போக, ஒரு சாயங்காலம் முழுக்க அல்லாடினேன்; பிரவுசர் 301ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். இன்னொன்று, நீக்கிய கட்டுரைகளை முகப்புப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். கூகுள் அதையும் 404 கணக்கில்தான் சேர்க்கும், தேடி வந்தவருக்கும் எரிச்சல்.

வேப்பங்கொழுந்து:
நன்றி அண்ணா, 412 இப்போது சரியாகப் போகிறது! புது முகவரியில் 'வேம்பு' என்று தமிழிலேயே வைத்திருக்கிறேன், பிரவுசரிலிருந்து காப்பி செய்தால் நீளமாக சதவீதக் குறியாக வருகிறதே, அதையே ரூலில் ஒட்டலாமா?

சர்வர்க்காரன்:
வேண்டாம். 'வேம்பு' அந்த வடிவத்தில் 54 எழுத்து, அதில் சதவீதக் குறிக்குப் பின் எண் வரும் இடங்களை அப்பாச்சி (சர்வர் மென்பொருள்) வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். தமிழிலேயே எழுதி யூடிஎஃப்-8இல் சேமியுங்கள், மாற்ற வேண்டியதை அப்பாச்சியே மாற்றிக்கொள்ளும். ரீடைரக்ட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அப்பாவின் தளம், நீங்கள் எடுக்கவே எடுக்காதீர்கள்.