ஐடல்கள் பாடிய எங்கா: கண்ணில் பட்டவை, காதில் விழுந்தவை (பலர் எழுதிச் சேர்த்த குறிப்புகள்)

யூகோ நகாசாவா என்றால் மோர்னிங் முசுமே என்னும் ஜப்பானிய ஐடல் (இளம் பாப் நட்சத்திரங்கள்) குழுவின் முதல் தலைவி, 2001 ஏப்ரலில் விலகியவர். பல ரசிகர்களுக்கு அதோடு சரி. ஆனால் 1998 ஆகஸ்டில் அவர் தனியாக வெளியிட்ட முதல் சிங்கிள் 'கராசு நோ ந்யோபோ' எங்கா, அதாவது பழைய பாணி ஜப்பானிய மெல்லிசைப் பாட்டு. குழுவின் 'மோர்னிங் காபி' அந்த ஜனவரிக் கடைசியில்தான் வந்திருந்தது. தனி சிங்கிள் வந்தபோது அவருக்கு 25 வயது. கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதுப் பிள்ளைகள். மூத்தவரை எங்கா பக்கம் திருப்பியது வியாபாரக் கணக்காகவே எனக்குப் படுகிறது.

தேடுகிறவர்கள் கவனிக்க: பழைய சிடி கடைகளில் இது ஐடல் அடுக்கில் அநேகமாக இருக்காது, எங்கா அடுக்கில் பாருங்கள். அந்தத் தட்டில் 'யூகோ' கான்ஜி என்னும் சீன எழுத்தில் இல்லை, ஹிராகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்தில் இருக்கிறது. கான்ஜியில் மட்டும் தேடினால் பின்னாளில் வந்த பாப் தட்டுகள்தான் வரிசை கட்டி நிற்கும்.

*

மேலே சொன்ன சிடி கிடைத்தால் முதலில் அட்டையைப் பாருங்க சார். அது 8 செ.மீ. தட்டு, நீளவாக்கில் ஏறத்தாழ 17 செ.மீ. வரும் காகித உறையில் இருக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாங்கியை நடுவில் ஒடித்து உறையைப் பாதியாக மடிக்கலாம், அப்படித்தான் வடிவமைத்தார்கள். சிலர் மடித்தும் விட்டார்கள். நடுவில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

தட்டை வைக்கும் தாங்கி வெளியே நீளும் டிரைவில், அதன் உட்பள்ளத்தில் வைத்தால் தாராளமாக ஓடும். வாயில் செருகும் டிரைவில் போடவே கூடாது. உருளைகள் 12 செ.மீ. தட்டுக்காக அமைந்தவை. சின்னத் தட்டைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவர முடியாமல் உள்ளேயே சிக்கிவிடும். காரில் உள்ள பிளேயரும் பெரும்பாலும் இதே ரகம். கணினியைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தால் படுக்கப் போட்டுவிட்டுத் திறவுங்கள், இல்லாவிட்டால் தட்டு பள்ளத்திலிருந்து நழுவி விழும்.

*

எங்காவா, எங்கா சாயலில் பாப்பா என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார்கள். மெட்டில் ஸ்வரங்களை எண்ணுங்கள். மேஜரில் நான்காவதும் ஏழாவதும் விழுந்துவிடும், மிஞ்சுவது நம் மோகனத்தின் ஸ்வரங்கள். மைனரில் ச ரி2 க2 ப த1: சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் இறக்கினால் இது.

அடுத்தது கோபுஷி என்னும் குரல் சுழிப்பு. ஒரே உயிரெழுத்துக்குள் மேல் ஸ்வரத்தைத் தொட்டு, சட்டென்று திரும்ப வேண்டும். தொட்டதும் விட்டுவிட வேண்டும், அதில் நின்றால் கெட்டது. கர்நாடக சங்கீதப் பயிற்சி உள்ளவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள், கை பழகிய கமகத்தை இழுத்துவிடுவார்கள். அடிக்கு அடி போடுவதும் தப்பு. வரி முடிகிற இடத்து நீள ஸ்வரத்துக்கு கோபுஷி அல்ல, விப்ராத்தோ: நேராகப் பிடித்து, பிறகு மெதுவாக அகலமாக அசைப்பது.

ஜப்பானில் டாம் (DAM) என்னும் பிராண்டின் கரோக்கே இயந்திரத்தில் நுண் மதிப்பெண் முறையைப் போட்டுப் பாடினால் கோபுஷி எத்தனை, விப்ராத்தோ எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். காதை நம்பாதவர்கள் அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

*

நேர்மாறான ஒரு வழக்கையும் சேர்க்கிறேன். யோகோ நாகாயாமாவை எல்லோரும் 'ஐடலாக இருந்து எங்காவுக்குப் போனவர்' என்கிறார்கள். சின்ன வயதிலேயே மின்யோ என்னும் நாட்டுப்புறப் பாட்டு கற்றவர், முதலில் எங்கா பாடகியாகத்தான் அறிமுகமாக இருந்தார். வயது போதாதென்று 1984-இல் ஐடலாக இறக்கினார்கள். 1986-இல் 'வீனஸ்' மறுபாடல் ஓடியது. 1993-இல் 'ஹிகுராஷி' பாடி அதே வருடக் கடைசியில் கோஹாகு என்னும் ஆண்டிறுதி டிவி பாட்டு நிகழ்ச்சியில் மேடை ஏறினார். ஆக, அது மாற்றம் அல்ல, தள்ளிப்போன தொடக்கம். 2003-இன் 'ஜோங்காரா ஒன்னா புஷி'யில் ட்சுகாரு ஷாமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தை நின்றபடியே வாசித்துப் பாடுகிறார். பொதுவாக முழந்தாளிட்டோ நாற்காலியில் உட்கார்ந்தோதான் வாசிப்பார்கள். நின்றால் தொடை தாங்காது, வார் போட்டுத் தோளில் மாட்டியாக வேண்டும். காணொளியில் அந்த வாரைக் கவனியுங்கள்.

*

மிசாகி இவாசாவை விட்டுவிட்டீர்களே! 2012 பிப்ரவரி 1-இல் வந்த அவருடைய முதல் தனி சிங்கிள் 'முஜின் எகி'. ஏகேபி48 என்னும் ஐடல் குழுவில் இருந்துகொண்டே எங்கா பாடினார், விலகியது 2016-இல். அவர் தட்டுகளுக்கு ஐடல் அடுக்கு, எங்கா அடுக்கு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.