சின்னத் தனியார் பள்ளி: மகளைச் சேர்க்கும் முன் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

மூன்றாம் வகுப்பு அம்மா:
வணக்கம். மகளுக்கு 8 வயது. இப்போதைய பள்ளியில் ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல். அவள் தானாகப் போய்ப் பேசுகிற பிள்ளை இல்லை. ஒருநாள் காலையிலிருந்தே காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் நான் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது. இப்போது ஒரு சின்னத் தனியார் பள்ளியைப் பார்த்திருக்கிறோம். வகுப்புக்கு ஒரே பிரிவு, அதிகபட்சம் 16 பிள்ளைகள். தலைமை ஆசிரியை எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் சேர்த்துவிடக் கூடாதே என்று இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
தாராளமாகச் சேருங்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 13 முதல் 17 பிள்ளைகள் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் வந்தன. அது மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைதான். உங்கள் மகள் வயதுக்குப் பொருந்தும்.

ஓய்வுபெற்ற வகுப்பாசிரியை:
அம்மா, இப்படிப்பட்ட சின்னப் பள்ளியில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அதன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

ஒரே ஆசிரியை காலை முதல் மாலை வரை பிள்ளையோடு இருப்பது இந்த வயதில் பெரிய பலம். வழக்கமாக முதல் ஆளாகக் கை தூக்குகிற பிள்ளை இரண்டு நாளாகத் தூக்கவில்லை, எப்போதும் பக்கத்தில் உட்காரும் தோழி இடம் மாறிவிட்டாள், எழுத்து திடீரென்று கோணலாகிறது. இதெல்லாம் நாள் முழுவதும் கூடவே இருக்கிறவருக்குத்தான் கண்ணில் படும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து போகும் இடத்தில் இது நழுவிவிடும்.

ஆனால் பெயர் தெரிந்திருப்பது வேறு, பொறுப்பு எடுத்துக்கொள்வது வேறு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதாலேயே சின்னப் பள்ளிகளில் யாரும் எதையும் எழுதி வைக்கமாட்டார்கள். வகுப்பாசிரியை கவனித்தது அவர் மனதோடு இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் கூடவே போய்விடும். "என் மகள் ஒரு வாரமாகச் சோர்ந்திருந்தால் அதை யார் எங்கே எழுதுவீர்கள், எனக்கு எப்போது சொல்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டினால் நல்லது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தையே திறந்து காட்டினால், அந்தப் பள்ளி வேண்டாம்.

இன்னொன்று. குடும்பம் என்று சொல்கிற இடத்தில் புகார் சொல்வது கடினம். தாளாளர், தலைமை ஆசிரியை, வகுப்பாசிரியை மூவரும் உறவாக இருப்பது உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றியே பிள்ளைக்கு ஒரு குறை என்றால் யாரிடம் போவாள்? தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை, 12-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பள்ளியில் அதற்கு வழி இருக்கிறதா? வகுப்பாசிரியை அல்லாத இன்னொரு பெரியவரின் பெயரை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளிடமே "மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரு பெயர் வரும் பள்ளி நல்ல பள்ளி.

ஒரே பிரிவு என்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒருத்தியோடு சண்டை வந்தால் மாற்றி உட்கார வைக்க அடுத்த பிரிவு கிடையாது. மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்த ஒதுக்கல் ஐந்தாம் வகுப்பு வரை தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். எங்களிடம் வாரத்தில் சில பாடவேளைகள் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கலந்து வைத்தோம். வகுப்பில் தனியாக நின்ற பிள்ளைக்கு அங்கே ஒரு துணை கிடைத்துவிடும்.

முடிந்தால் இடைவேளை நேரத்தில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சீண்டித் துன்புறுத்துவதைத் தடுக்க, நார்வேயில் 1983-இல் உளவியலாளர் டேன் ஒல்வேயஸ் தொடங்கிய திட்டத்திலேயே இடைவேளை மேற்பார்வைக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, மைதானத்திலும் கழிப்பறைப் பக்கத்திலும் பெரியவர் ஒருவரும் இல்லை என்றால், வகுப்பில் 16 பேர்தான் என்பதில் என்ன பயன்?

மூன்றாம் வகுப்பு அம்மா:
டீச்சர், ரொம்ப நன்றி. இடைவேளையில் போய்ப் பார்க்க அனுமதி கேட்கிறேன். அப்புறம், ஐந்தாம் வகுப்போடு அங்கே முடிந்துவிடும். பெரிய பள்ளிக்குப் போனதும் தடுமாறுவாளா?

ஓய்வுபெற்ற வகுப்பாசிரியை:
முதல் சில வாரம் தடுமாறுவாள், அது இயல்பு. "எனக்குப் புரியவில்லை", "எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு பெரியவரிடம் தானே போய்ச் சொல்லப் பழகியிருந்தால் சமாளித்துவிடுவாள். ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் அவளைப் பற்றிய குறிப்புகளைப் புதிய பள்ளிக்கு அனுப்புவார்களா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.